எப்போதும் இடப்பக்கம்: பென்சில்வேனியா மண் தடங்களில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்: லாங்ஹார்ன், நாசரேத்

மாமனார் ஊரிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகிறது. கோயம்புத்தூரில் முப்பத்தெட்டு வருடம் பவுண்டரி நடத்தியவர். பம்புசெட் பாடி வார்த்துக் கொடுக்கும் வேலை. நியூ ஜெர்ஸியில் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. போன வாரம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த என் புல்வெட்டும் மெஷினைக் கராஜில் பிரித்துப் போட்டுவிட்டார். கேட்டால், "சும்மா உக்காந்திருந்தா மனுசனும் துருப்புடிச்சுப் போயிருவானுங்க மாப்பிள்ளை" என்கிறார். அன்று இரவே இந்தப் பயணத்தைத் திட்டமிட்டுவிட்டேன். நயாகரா போகலாமே என்றாள் மனைவி. தண்ணீர் விழுவதைப் பார்த்து என்ன செய்வது என்றார் அவளுடைய அப்பா.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் காணாமல் போவேன். எங்கே என்று நண்பர்களிடம் சொன்னதில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது. களிமண் தரையில் 900 குதிரைத்திறன் கார்கள் வட்டமடிக்கும், அதைப் பார்க்க மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போவேன் என்று ஐ.டி. ஆட்களிடம் எப்படிச் சொல்வது? இந்த முறை துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து ரூட் 1 பிடித்துத் தெற்கே போனால் லாங்ஹார்ன். முதல் நிறுத்தம். அங்கே பார்க்க எதுவும் கிடையாது. ஏமாற்றமடையத்தான் போகிறோம் என்று மாமாவிடம் முன்பே சொல்லிவிட்டேன். கடைகள், கார் நிறுத்தும் இடம், சாலையோரம் மாநில அரசு நட்ட நீலநிற வரலாற்றுப் பலகை. அவ்வளவுதான்.

1926 முதல் 1971 வரை இங்கே ஒரு தடம் இருந்தது. சுற்றளவு ஒரு மைல். மற்ற தடங்களெல்லாம் முட்டை வடிவம். இரண்டு நேர்ப்பகுதி, இரண்டு வளைவு. நேர்ப்பகுதியில் ஓட்டுநர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். லாங்ஹார்ன் கிட்டத்தட்ட முழு வட்டம். நேர்ப்பகுதி என்பதே இல்லை. கொடி விழுந்ததிலிருந்து முடியும்வரை வண்டி சறுக்கிக்கொண்டே இருக்கும். 100 மைல் பந்தயம் என்றால் 100 மைலும் ஒரே வளைவு. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை ஒரு நொடி தளரக்கூடாது. தூசி அடங்க மண்ணில் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அது முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் தரை பள்ளம் பள்ளமாகிக் குலுக்கி எடுக்கும். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் வாந்திப் பள்ளம்.

1958ல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான இண்டியானாபொலிஸ் 500ஐ (சுருக்கமாக இண்டி) வென்ற ஜிம்மி பிரையன், 1960 ஜூன் மாதம் இங்கே ஒரு பந்தயத்தின் முதல் சுற்றிலேயே இறந்துபோனார். அதற்கு ஐந்து வருடம் முன்பு மைக் நாசாருக். 1951 இண்டியில் இரண்டாம் இடம் பிடித்தவர். பட்டியல் இன்னும் நீளம். கார் நிறுத்துமிடத்தில் நின்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெண்மணி தள்ளுவண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில்களை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

நல்ல கதையும் உண்டு. இப்போது கோடிகளில் புரளும் நாஸ்கார் என்ற கார் பந்தய அமைப்பின் தலைமைத் தொடர் 1949ல் தொடங்கியது. அந்த முதல் வருடத்தில் மொத்தமே எட்டுப் பந்தயம். அதில் ஒன்று லாங்ஹார்னில், செப்டம்பர் 11 அன்று, 200 மைல். வென்றவர் கர்ட்டிஸ் டர்னர். ஆனால் எனக்குப் பிடித்தது ஆறாவதாக வந்தவரை. சாரா கிறிஸ்டியன் என்ற பெண். கடையில் வாங்கிய மாதிரியான சாதாரணக் காரில், அந்த வட்டத்தில், 200 மைல்!

"தடத்தை ஏனுங்க மூடினாங்க? ஆள் செத்ததுனாலயா?" என்று மாமா கேட்டார்.

இல்லை. ஆள் செத்தபோதெல்லாம் அடுத்த மாதம் மறுபடி ஓட்டினார்கள். 1965ல் தார் போட்டார்கள். அப்போதும் ஓடியது. பிலடெல்பியாவின் புறநகர் வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது, 1971ல் முடிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் கணபதியில் அவருடைய பவுண்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

மதியத்துக்கு மேல் நாசரேத். மரியோ ஆண்ட்ரெட்டியின் ஊர். இஸ்ட்ரியா பகுதியில் பிறந்து, போருக்குப் பின் இத்தாலியில் அகதி முகாமில் வளர்ந்து, 1955ல் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். ஊருக்குள்ளேயே அரை மைல் மண் தடம் இருந்தது. மரியோவும் இரட்டைச் சகோதரர் ஆல்டோவும் நண்பர்களோடு சேர்ந்து 1948 மாடல் ஹட்சன் கார் ஒன்றைத் தேற்றி, 1959ல் அங்கே ஓட்ட ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குத் தெரியாமல். ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர். முதல் நான்கு பந்தயத்தில் ஆளுக்கு இரண்டு வெற்றி. சீசன் முடியும் நேரத்தில் ஹாட்ஃபீல்டில் ஆல்டோவின் கார் கவிழ்ந்து மண்டை உடைந்தது. வீட்டில் குட்டு வெளிப்பட்டது. பிறகு மரியோ 1969ல் இண்டியையும் 1978ல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தையும் வென்றார். ஊரில் ஒரு தெருவுக்கே விக்டரி லேன் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அந்தத் தெரு வழியாக ஒருமுறை மெதுவாகப் போய்விட்டு வந்தோம். அமைதியான தெரு. ஒரு நாய் குரைத்தது.

இரவு அலன்டவுன் பக்கம் ஒரு விடுதி. ஏசியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பேரிங் போயிடுச்சு என்றார் மாமா. தூக்கம் வருமா தெரியவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி: ரெடிங் வழியாக வில்லியம்ஸ் குரோவ்

தூக்கம் வரவில்லை. பேரிங்தான்.

ரெடிங்கில் நிற்கவில்லை. அங்கிருந்த பொருட்காட்சித் திடல் தடம் 1979ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் மால் கட்டினார்கள். பின்னால் அந்த மாலையும் இடித்துவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா தெரியாத கதை. ரெடிங் பக்கத்து ஓலி பள்ளத்தாக்கு வழியாகப் போனதற்குக் காரணம் டாமி ஹின்னர்ஷிட்ஸ். இங்கே நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டே, மண் தடத்தில் ஓடும் ஸ்பிரிண்ட் கார் என்ற சின்னப் பந்தயக் காரை ஓட்டிய விவசாயி. கிழக்குப் பகுதிப் பட்டம் ஏழு முறை. 1960ல் ஓய்வு பெற்றார். அவர் காலத்து ஆட்கள் எத்தனையோ பேர் தடத்தில் செத்தார்கள். இவர் 1999 வரை வாழ்ந்தார். மக்காச்சோளக் காடு இரண்டு பக்கமும் நிற்க, அந்தச் சாலையில் போகும்போது எனக்கு ஏனோ அந்த மனிதரை நன்றாகத் தெரியும்போல இருந்தது.

சரி, வில்லியம்ஸ் குரோவுக்கு வருகிறேன். ஹாரிஸ்பர்க்கைத் தாண்டி, மெக்கானிக்ஸ்பர்க் பக்கம். பெயரைப் பார்த்தீர்களா? மெக்கானிக்குகளின் ஊர். மாமாவுக்கு அதிலேயே திருப்தி.

ராய் ரிச்வைன் என்பவர் இங்கே பொழுதுபோக்குப் பூங்கா வைத்திருந்தார். பக்கத்திலேயே அரை மைல் மண் தடம் ஒன்றையும் போட்டு 1939 மே மாதம் திறந்தார். முதல் பந்தயத்தை வென்றவர் யார் தெரியுமா? காலையில் கடந்துவந்தோமே, அந்த ஓலி விவசாயி ஹின்னர்ஷிட்ஸ்தான். மூன்றே வருடத்தில் போர் வந்தது. ரப்பருக்கும் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. 1942 ஜூலை 31க்குப் பிறகு நாடு முழுக்க மோட்டார் பந்தயத்துக்குத் தடை. போர் முடிந்ததும் தடம் மறுபடி உயிர்பெற்றது. பூங்காவை 2005ல் மூடிவிட்டார்கள். தடம் இன்னும் ஓடுகிறது, வெள்ளிக்கிழமை தவறாமல்.

நாலரை மணிக்கே போய்விட்டோம். உள்ளூர்க்காரர்கள் அதற்கும் முன்பே வந்து பலகை இருக்கைகளில் போர்வையை விரித்து இடம் பிடித்திருந்தார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோலத்தான். யாரும் அதைத் தொடமாட்டார்கள். தடத்துக்கு வெளியே புல்மேடு ஒன்று இருக்கிறது. பீர் ஹில் என்று பெயர். விளக்கம் தேவையில்லை.

மாமா இருக்கைக்கு வரவில்லை. வேலி ஓரமாகப் போய்க் குனிந்தார். தடத்திலிருந்து தெறித்து விழுந்திருந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தார். விரலைத் திறந்து பார்த்தார். மண் உருண்டையாக, விரல் ரேகை பதிந்து நின்றது. இரண்டாக ஒடித்தார். பொடியாகாமல், பிஸ்கட்போல உடைந்தது.

"பதம் சரியா இருக்குதுங்க" என்றார். பவுண்டரியில் அச்சு மண்ணை இப்படித்தான் பார்ப்பார்களாம். ஈரம் அதிகமானால் கையில் ஒட்டும், குறைந்தால் உதிரும்.

தடத்து ஆட்களும் இதையேதான் செய்கிறார்கள். பகலெல்லாம் தண்ணீர் லாரி சுற்றிச் சுற்றி வரும். பிறகு பழைய வண்டிகளை ஓட்டி மண்ணை அமுக்குவார்கள். மாலையில் கார்கள் ஓட ஓட ஈரம் மேலே வந்து, காய்ந்து, உட்பக்கம் சிமெண்டுத் தரைபோல வழவழப்பாகிவிடும். தெறிக்கும் மண் வெளிவட்டத்தில் ஒரு வரப்பாகச் சேரும். அதற்கு குஷன் என்று பெயர். அதில் வலது பின்சக்கரத்தைச் சாய்த்து ஓட்டினால் பிடிமானம் கிடைக்கும். ஓர் அடி தப்பினால் வேலியில்தான் போய் நிற்க வேண்டும். ஏழு மணிக்கு இருந்த தடம் பத்து மணிக்கு இருக்காது. இரவில் ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலில் களிமண் தாங்காது.

கார்களைத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். உண்மையிலேயே தள்ளிக்கொண்டு. ஒவ்வொரு ஸ்பிரிண்ட் காருக்கும் பின்னால் ஒரு பிக்கப் டிரக்.

"ஏனுங்க, பேட்டரி டவுனா?"

பேட்டரி இல்லை மாமா. ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. கிளட்ச் இல்லை. கியர்பாக்ஸ் இல்லை. டிஃபரன்ஷியல் இல்லை. இன்ஜினையும் பின் அச்சையும் இணைக்கலாம், விடுவிக்கலாம், அவ்வளவுதான். டிரக் தள்ளும்போது சக்கரம் சுற்றி இன்ஜின் பற்றிக்கொள்ளும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி டிரக் வரவேண்டும். 410 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர் வி8. எரிபொருள் மெத்தனால். ஓட்டுநரோடு சேர்த்தும் எடை 650 கிலோ அளவில்தான். நம் ஊர் மாருதி 800 எடையில் 900 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, "இது தற்கொலைங்க" என்றார். ஆனால் வேலியை விட்டு நகரவில்லை.

பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லை என்பதை நான் சொல்லுமுன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். வலது பெரிது, இடது சிறிது. பேப்பர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள், அடிப்பக்கமாகத் தானே வளைந்து போகும். அதே விஷயம். பின் அச்சு ஒரே கட்டையாக இருப்பதால் வண்டி தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். திரும்ப வேண்டியது எப்போதும் இடப்பக்கம் மட்டும்தானே. வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் வெளியே சறுக்கும், முன்சக்கரங்கள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், வண்டி இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். இடது முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது விபத்தின் ஆரம்பம் மாதிரி தெரியும். ஆனால் அங்கே ஓட்டுவதே அப்படித்தான்.

தலைக்கு மேல் கட்டில்போல ஓர் அலுமினிய இறக்கை. 25 சதுர அடி. மூக்கில் சின்னதாய் இன்னொன்று. விமானத்தின் இறக்கை தூக்கும், இது தரையோடு சேர்த்து அமுக்கும். 1958ல் ஒஹையோவில் ஜிம் குஷ்மன் என்பவர்தான் முதலில் இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு ஓட்டினார் என்பார்கள். பெரிய அமைப்புகள் இறக்கையை ஏற்கவில்லை. பென்சில்வேனியாவின் உள்ளூர்த் தடங்கள் ஏற்றுக்கொண்டன. இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு என்று ஒரு தனி வேகம், தனித் திமிர் வந்தது அப்படித்தான்.

திமிர் என்று சும்மா சொல்லவில்லை. 1978ல் டெட் ஜான்சன் என்பவர் ஊர் ஊராகப் போய் ஓட்டும் ஆட்களைச் சேர்த்து வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் என்ற தொடரை ஆரம்பித்தார். ஸ்டீவ் கின்சர் அதில் 20 முறை பட்டம் வென்றார். வேறு எங்கே போனாலும் இந்த அவுட்லாஸ்தான் ராஜா. இங்கே வந்தால் மட்டும் உள்ளூர்க்காரர்கள் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர்களுக்கு பென்சில்வேனியா போஸி என்று பெயர். அவுட்லாஸ் என்றால் சட்டத்தை மீறியவர்கள், போஸி என்றால் அவர்களைப் பிடிக்கக் கிளம்பும் கூட்டம். பகலில் வெல்டிங் கடை, லாரி, பண்ணை. வெள்ளி, சனி இரவுகளில் உலகச் சாம்பியனோடு மல்லுக்கட்டு. நம் பக்கத்து ரேக்ளா பந்தயத்தில் வெளியூர் மாடு ஜெயித்துவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் முகம் எப்படிப் போகுமோ, அவுட்லாஸ் ஜெயிக்கும் இரவில் இந்தக் கூட்டத்தின் முகம் அப்படித்தான் போகும்.

முதல் வரிசை கடைசி வளைவை விட்டு வெளியே வந்து பச்சைக்கொடி விழுந்தபோது மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருபத்துச் சொச்சம் கார்கள் ஒரே நேரத்தில் மிதிக்கும் சத்தம் காதில் கேட்பதில்லை. நெஞ்சுக்கூட்டில் கேட்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17 விநாடி. அரை மைலை, இரண்டு வளைவோடு, களிமண்ணில், சராசரியாக மணிக்கு 170 கிலோமீட்டர். முதல் சுற்று முடிவதற்குள் எங்கள் மேல் மண் மழை. கையில் வைத்திருந்த உருளைக்கிழங்கு வறுவலிலும்தான். இங்கே அதற்கு வினிகர் ஊற்றித் தருவார்கள். வினிகரும் மண்ணும் சேர்ந்து ஒரு தனி ருசி. மாமா முகத்தைத் துடைக்கவேயில்லை.

யார் ஜெயித்தார்கள் என்பதை விடுங்கள். பன்னிரண்டாம் சுற்றில் ஒரு கார் குஷனில் ஏறி மூன்று முறை உருண்டது. எல்லோரும் எழுந்துவிட்டோம். இறக்கை அப்பளமாக நொறுங்கியது. சக்கரம் ஒன்று தனியாகப் போனது. ஓட்டுநர் தானே வெளியே வந்து, நின்று, கையை ஆட்டினார். அப்போதுதான் கூட்டம் மூச்சு விட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர், பேரனின் காதிலிருந்த பாதுகாப்பு மஃப்பைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

மணி பன்னிரண்டரை. குளித்தால் காவித் தண்ணீர் ஓடுகிறது. மாமா உறங்கிவிட்டார்.

மூன்றாம் நாள், சனி: யார்க் ஸ்பிரிங்ஸ்

இன்று காலை ரூட் 15ல் தெற்கே வந்தோம். ஆடம்ஸ் கவுண்டி, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். தோட்டங்களுக்கு நடுவே லாட்டிமோர் வேலி என்ற பழைய பொருட்காட்சித் திடல். அங்கேதான் ஈஸ்டர்ன் மியூசியம் ஆஃப் மோட்டார் ரேசிங். 1970களில் வில்லியம்ஸ் குரோவின் பழைய ஆட்கள் சேர்ந்து சங்கம் ஒன்று வைத்தார்கள். அவர்களுடைய கையிருப்பும் பிடிவாதமும்தான் இன்று மியூசியமாக நிற்கிறது. திடலிலேயே ஓர் அரை மைல் மண் தடமும் உண்டு. வருடத்தில் சில நாட்கள் பழைய கார்களை அதில் ஓட்டுவார்கள். பந்தயமாக அல்ல, சும்மா நடைபழக. இன்று அப்படி நாள் இல்லை. கூடவே மழை மேகம்.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நேற்று இரவு பார்த்த காரில் ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு இருந்தது. அதனால்தான் அவர் எழுந்து கையாட்டினார். இங்கே 1930கள், 40கள், 50களின் கார்கள் வரிசையாக நிற்கின்றன. சுருட்டுபோல ஒல்லி உடம்பு, பளபளக்கும் பெயின்ட், கையால் எழுதிய எண், தோல் இருக்கை. பார்க்க அவ்வளவு அழகு. ஓட்டுநரின் மார்பிலிருந்து மேலே எல்லாம் வெளியே. தலைக்கு மேல் ஒன்றுமில்லை. கவிழ்ந்தால் தரையும் தலையும்தான். கூண்டு என்பது 1970களின் தொடக்கத்தில்தான் எல்லா இடத்திலும் கட்டாயமானது. அதுவரை கூண்டு போட்டால் கோழை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அந்த நினைப்பு எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்தது என்று யோசித்தபடி அந்த அழகான கார்களைப் பார்ப்பது சங்கடமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

மாமா வேறு உலகத்தில் இருந்தார். ஆஃபன்ஹாசர் இன்ஜின் ஒன்றின் முன்னால் நின்றவர் முக்கால் மணி நேரம் நகரவில்லை. இங்கே செல்லமாக ஆஃபி என்பார்கள். நான்கு சிலிண்டர், மேலே இரட்டை கேம்ஷாஃப்ட். தன்னார்வலராக இருந்த பெரியவர் ஒருவர் விளக்க வந்தார். மாமாவின் ஆங்கிலம் பட்டறை ஆங்கிலம், அவருடையதும் ஏறக்குறைய அதுதான். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

இந்த இன்ஜினில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் தனித்தனி இல்லை. ஒரே வார்ப்பு. அதனால் நடுவில் கேஸ்கட் இல்லை. எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் பிய்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் வால்வு சீட்டைத் தேய்க்க வேண்டுமென்றால் சிலிண்டரின் அடிப்பக்கத்திலிருந்து கைவிட்டுத்தான் வேலை செய்யவேண்டும். வார்ப்புக்குள் வெற்றிடம் விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மண் கட்டிக்கு கோர் என்று பெயர். மாமா கைபேசி வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு கோர் பெட்டி செஞ்சவன் சாமிங்க மாப்பிள்ளை. தண்ணி போற வழிக்கு உள்ளாற கோர் உக்காரணும், வார்க்கும்போது அசையக்கூடாது, அப்பறம் உடைச்சு வெளிய எடுக்கணும். நாங்க பம்பு பாடிக்கே பத்துல ரெண்டு கழிச்சுப் போடுவோம்."

இந்த இன்ஜினின் கதையும் அவருக்குப் பிடித்துப்போனது. ஹாரி மில்லர் என்ற மேதை, லியோ கூசன் என்ற வரைபடக்காரர், ஃபிரெட் ஆஃபன்ஹாசர் என்ற பட்டறை மேஸ்திரி. மூவரும் லாஸ் ஏஞ்சலிஸில் சேர்ந்து உலகத்தின் மிக அழகான பந்தய இன்ஜின்களைச் செய்தார்கள். மில்லருக்குக் கணக்கு வழக்கு தெரியாது. 1933ல் திவாலானார். மேஸ்திரி அந்த அச்சுகளையும் மெஷின்களையும் வாங்கிப்போட்டு, அதே இன்ஜினைத் தன் பெயரில் தொடர்ந்தார். 1946ல் லூயிஸ் மேயர், டேல் டிரேக் என்ற இருவருக்கு விற்றார். 1947 முதல் 1964 வரை ஒரு வருடம்கூட விடாமல் இண்டியானாபொலிஸ் 500ஐ வென்றது இந்த ஆஃபிதான். அங்கே செங்கல் தரைக்கும் தாருக்கும் பழகிய அதே குடும்பத்து இன்ஜின், சின்ன உருவத்தில் மிட்ஜெட் கார்களிலும், பெரிய உருவத்தில் ஸ்பிரிண்ட் கார்களிலும் ஊர் ஊராக மண்ணைத் தின்றது.

"முதலாளி திவால், மேஸ்திரி முதலாளி. இது பீளமேட்டுக் கதைங்களே" என்றார். கோயம்புத்தூரில் பந்தயக் கார் செய்த கரிவரதனைப் பற்றி அந்தப் பெரியவரிடம் சொல்ல ஆரம்பித்தார். ஃபார்முலா மாருதி கார்களைச் சொந்த ஊரிலேயே கட்டினவர், 1995ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார் என்பதெல்லாம் கையையும் சொல்லையும் கலந்து. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் ஜான் ஆப்பர்மேன். அவரைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பகுதியின் ரசிகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். நீள முடி, கழுத்தில் மணிமாலை, ஹிப்பி. குட்டைமுடி விவசாயிகள் நிரம்பிய இந்த ஊர்களுக்கு 60களின் கடைசியில் வந்து சேர்ந்தார். முதலில் முறைத்தார்கள். ஜெயிக்க ஆரம்பித்ததும் கொண்டாடினார்கள். 1971ல் அயோவா மாநில நாக்ஸ்வில் நேஷனல்ஸ், 1976ல் டெர்ரே ஹாட்டில் ஹுல்மன் கிளாசிக் என்று பெரிய பந்தயங்களை வென்றார். அதே 1976ல் ஹூசியர் ஹண்ட்ரட் பந்தயத்தில் தலையில் பலத்த அடி. பிறகு பழைய ஆப்பர்மேன் திரும்பவேயில்லை.

மாலையில் அபட்ஸ்டவுனில் உள்ள லிங்கன் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்ப்பதாக இருந்தோம். 1953லிருந்து ஓடும் தடம், சனிக்கிழமை இரவுகளுக்குப் பேர்போனது. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. களிமண்ணில் மழை பெய்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பந்தயம் ரத்து. கிரேமர் வில்லியம்சன் கடைசியாக ஓட்டியது இந்தத் தடத்தில்தான். இளஞ்சிவப்புக் காருக்காக பிங்க் பேந்தர் என்று அழைக்கப்பட்டவர், 63 வயதிலும் ஓட்டிக்கொண்டிருந்தார். 2013 ஆகஸ்டில் இங்கே நடந்த விபத்துக்கு அடுத்த நாள் இறந்தார். கூண்டு வந்த பிறகும் இந்த விளையாட்டு கேட்பதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நேற்று நான் கைதட்டியது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

இரவு உணவு, வழியில் ஓர் உணவகத்தில் சோளமும் கோழியும் போட்ட சூப். மாமா மிளகு கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

நான்காம் நாள், ஞாயிறு: போர்ட் ராயல்

வீட்டுக்குக் கிழக்கே போகவேண்டியவர்கள், மாமாவின் விருப்பத்துக்காக வடமேற்கே ஒரு மணி நேரம் சுற்றினோம். ஜூனியாட்டா ஆற்றை ஒட்டிய போர்ட் ராயல். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அரை மைல் தடம். 1938லிருந்து கார்கள் ஓடுகின்றன. இன்று எதுவும் இல்லை. பூட்டிய கதவு, ஈரப் பலகைகள், எங்கோ ஒரு டிராக்டர் சத்தம்.

இது கவுண்டி விவசாயச் சங்கத்தின் பொருட்காட்சித் திடல். பக்கத்திலேயே ஆடு மாடுகளை நிறுத்தும் கொட்டகைகள். இந்தத் தடங்கள் பலவற்றின் பிறப்பு இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு ஊர் அறுவடைக்குப் பிந்தைய பொருட்காட்சி, அதில் குதிரை வண்டிப் பந்தயத்துக்காக அரை மைல் மண் வட்டம், அதைப் பார்க்க மரக் கேலரி. கார் வந்தபோது ஓட்டிப் பார்க்க இடம் தயாராக இருந்தது. 1896 செப்டம்பரில் ரோட் ஐலண்டு மாநிலப் பொருட்காட்சியில், குதிரைத் தடத்தில்தான் அமெரிக்காவின் முதல் வட்டத்தடக் கார் பந்தயம். வென்றது என்ன கார் தெரியுமா? ரைக்கர் எலக்ட்ரிக். பேட்டரி கார்! 1903 ஜூனில் பார்னி ஓல்ட்ஃபீல்டு இண்டியானா பொருட்காட்சித் திடலின் மண் வட்டத்தில்தான் ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள், 59.6 விநாடியில், கடந்தார்.

பிறகு பெரிய தொடர்கள் எல்லாம் தாருக்குப் போய்விட்டன. 1970 செப்டம்பரில் ராலேயில் நாஸ்காரின் தலைமைத் தொடர் மண்ணை விட்டது, ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். அரை நூற்றாண்டு கழித்து பிரிஸ்டல் தடத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூன்று வருடம் ஓட்டிப் பார்த்தார்கள், அது வேறு கதை. இண்டி கார்களின் தேசியத் தொடரும் அதே 1970 அக்டோபரில், சாக்ரமெண்டோவில் ஆல் அன்சர் வென்ற பந்தயத்தோடு மண்ணை விட்டது. நான்கே நாள் வித்தியாசம்.

போர்ட் ராயல் மண்ணை விட்டுப் போகவில்லை. நிலம் சங்கத்துடையது. விற்றால் மாடுகளை எங்கே நிறுத்துவது?

மாமா கதவுக்குப் பக்கத்தில் குனிந்து, தடத்திலிருந்து ஒழுகி வந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்தார். இறுக்கினார். கை முழுக்க ஒட்டிக்கொண்டது.

"இன்னைக்கு ஆகாதுங்க. நல்ல வெயில் அடிச்சா நாளை மத்தியானத்துக்கு மேல உழுது, அமுக்கி, ஓட்டலாம்."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கையைக் கழுவத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே காரில் ஏறினார். ஹாரிஸ்பர்க் தாண்டும்வரை அந்த மண்ணை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே வந்தார். எடிசனில் கதவைத் திறந்த மனைவி முதலில் கார் சீட்டைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் கையை, கடைசியாக என்னை.

"அடுத்த வெள்ளிக்கிழமை அவுட்லாஸ் வர்றாங்களான்னு பாருங்க மாப்பிள்ளை" என்றபடி மாமா கராஜுக்குள் போனார். புல்வெட்டும் மெஷின் இன்னும் பாகம் பாகமாகத்தான் கிடக்கிறது.